பேசிக்னு சொல்ற ப்ரோக்ராம் மொழி ஓடுற சின்ன போர்டு வச்சு பழைய காலத்து கம்ப்யூட்டர் மாதிரி ஒன்னு செய்யணும், எது வாங்கலாம்? ஸ்கிரீன்ல தமிழ் வருமா?

செந்தூல்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூர் (கே.எல்.), செந்தூல் பக்கம் இருக்கேன். பையன் தமிழ்ப்பள்ளியில அஞ்சாம் ஆண்டு படிக்கிறான். 80கள்ல வந்த ஹோம் கம்ப்யூட்டர் பத்தி ஏதோ வீடியோ பாத்துட்டு, சுவிட்ச் போட்ட உடனே நேரா டைப் பண்ண முடியுற கம்ப்யூட்டர் எனக்கும் வேணும்மா, விண்டோஸ் வேணாம், இன்டர்நெட் வேணாம்னு ஒரே பிடிவாதம். எனக்கு அது ரொம்ப நல்ல ஆசையா பட்டுச்சு, அதான் இங்க கேக்குறேன்.

கையில இருக்குறது என்னன்னா, ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட விஜிஏ மானிட்டர் ஒன்னு, பழைய பிஎஸ்2 கீபோர்டு ஒன்னு, அப்புறம் அக்கா பையன் போட்டிக்கு வாங்கி முடிச்சு குடுத்த மேக்கர் பை பிக்கோ போர்டு. சால்டர் பண்ண வீட்டுக்காரருக்கு ஓரளவு தெரியும். மொத்தமா 150 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) முடிஞ்சா நல்லது.

தேடிப் பாத்ததுல பிக்கோமைட், ஏகான் லைட், பிக்கோகால்க்னு மூணு பேர் திரும்பத் திரும்ப வருது, இதுல எது பத்து பதினோரு வயசுப் பிள்ளைக்கு சரியா வரும்? உதிரி சாமானெல்லாம் கே.எல்.ல எங்க கிடைக்கும்? அப்புறம் முக்கியமா ஒன்னு, அவன் செய்யப் போற முதல் ப்ரோக்ராம்ல பாட்டி பேரைத் தமிழ்ல காட்டணுமாம். இந்த மாதிரி போர்டுல தமிழ் எழுத்து வர வாய்ப்பே இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க, அவன் கிட்ட நான் பக்குவமா பேசிக்கிறேன்.

புடு_சால்டர்:

அக்கா, உங்க கையில இருக்குற சாமானுக்கு பிக்கோமைட்தான், ரெண்டாவது யோசனையே வேணாம். பாதி சாமான் ஏற்கனவே வீட்லயே இருக்கு.

கொஞ்சம் பின்னணி சொல்லிடுறேன், ஏன்னா இது நேத்து முளைச்ச விஷயம் இல்ல. ஆஸ்திரேலியாவுல ஜெஃப் கிரஹாம்னு ஒருத்தர் 2011ல மாக்ஸிமைட்னு ஒரு போர்டு டிசைன் பண்ணி அங்க உள்ள எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில சர்க்யூட்டோட போட்டாரு, ஒரே ஒரு பிக்32 சிப்பு, அதுலேர்ந்தே விஜிஏ படம், கீபோர்டு, எஸ்டி கார்டு எல்லாம், அதுக்குள்ள ஓடுறதுக்கு அவரே எழுதினதுதான் எம்எம்பேசிக். அப்புறம் கலர் மாக்ஸிமைட், மைக்ரோமைட்னு வளர்ந்துச்சு, 2020ல வந்த கலர் மாக்ஸிமைட் 2 வந்து 480 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற எஸ்டிஎம்32 சிப்பு, அது நிஜமாவே ராட்சசன். 2021ல ராஸ்பெர்ரி பை பிக்கோ 4 டாலருக்கு வந்த பிறகு பீட்டர் மாத்தர் எம்எம்பேசிக்கை அதுல ஓட வச்சாரு, அதுக்குப் பேருதான் பிக்கோமைட். விஜிஏ படம் வர்றதுக்குன்னு தனி ஃபர்ம்வேர் (போர்டுக்குள்ள ஏத்துற ப்ரோக்ராம்) இருக்கு, எல்லாமே இலவசம்.

போடுறது ரொம்ப சுலபம். பிக்கோ மேல இருக்குற பூட்செல் பட்டனை அமுக்கிக்கிட்டே யூஎஸ்பி ஒயரை லேப்டாப்ல குத்துங்க, பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் தெரியும், ஃபர்ம்வேரோட யூஎஃப்2 ஃபைலை அதுல இழுத்துப் போட்டா முடிஞ்சது. அதுக்கப்புறம் லேப்டாப்பே தேவையில்ல. மானிட்டர், கீபோர்டு சொருகி கரண்ட் குடுத்தா ப்ராம்ப்ட் வந்து நிக்கும், பிரிண்ட் 7 பெருக்கல் 8னு அடிச்சா 56னு அடுத்த வரியில பதில் வரும். எடிட்னு அடிச்சா முழு ஸ்கிரீன் எடிட்டர் திறக்கும், எஃப்2 அடிச்சா சேவ் ஆகி ஓடும், தப்பு இருந்தா எந்த வரின்னு சொல்லி நிக்கும், திரும்ப எடிட் அடிச்சா கர்சர் நேரா அந்த வரியில போய் உக்காந்திருக்கும். பிள்ளைங்களுக்கு இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன், தப்பு எங்கன்னு தேடி அலையாம கையோட திருத்திட்டு மறுபடி ஓட்டிப் பாக்கலாம்.

படம் எப்படி வருதுன்னு பையன் கேட்டா இதைச் சொல்லுங்க. 640க்கு 480 புள்ளி, கருப்பு வெள்ளைன்னா ஒரு புள்ளிக்கு ஒரு பிட், ஆக 38,400 பைட். 320க்கு 240, 16 கலர்னா புள்ளிக்கு 4 பிட், அதுவும் கணக்கு பண்ணிப் பாத்தா அதே 38,400 பைட். பிக்கோவுல மொத்தம் 264 கிலோபைட் ராம், அதுனால தாராளமா அடங்கிடும். மானிட்டருக்குப் புள்ளியெல்லாம் நொடிக்கு 25 மில்லியனுக்கு மேல சரியான நேரத்துல போய்ச் சேரணும், அந்த வேலையை பேசிக் ஓடுற ப்ராசசர் பாக்கல, சிப்புல உள்ள ரெண்டாவது ப்ராசசரும் பிஐஓன்னு பிக்கோவுக்குள்ளயே இருக்குற குட்டி ஸ்டேட் மெஷினுங்களும் சேந்து பாத்துக்குது. அதான் 4 டாலர் போர்டுல படமும் அசையாம நிக்குது பேசிக்கும் தடங்கல் இல்லாம ஓடுது.

ஒயரிங்குக்கு பிக்கோவுல ஜிபி16லேர்ந்து ஜிபி21 வரைக்கும் ஆறு பின், ரெண்டு சிங்குக்கு (படத்தை நேரத்துக்கு ஒழுங்கா நிறுத்துற சிக்னல்), ரெட்டுக்கு ஒன்னு, ப்ளூவுக்கு ஒன்னு, கிரீனுக்கு ரெண்டு. மானிட்டர் உள்ளுக்குள்ள 75 ஓம் இருக்கும், அதுக்கு உச்சபட்சமா 0.7 வோல்ட்தான் போகணும், பிக்கோ குடுக்குறது 3.3 வோல்ட், அதுனால நடுவுல ரெசிஸ்டர். கணக்கு போட்டா 270 ஓம் கிட்ட வரும், கிரீனுக்கு 390ம் 820ம் சேர்ந்து அதே அளவுக்கு வந்துடும். மேனுவல்ல முழு சர்க்யூட்டும் இருக்கு, அதை பிரிண்ட் எடுத்து மேஜையில வச்சுக்குங்க. விஜிஏ சாக்கெட்ல 1, 2, 3 கலர், 13 ஹெச்சிங்க், 14 விசிங்க், கிரவுண்ட் பின்னுங்களை மறக்காம சேத்துக் கட்டணும்.

சாமானுக்கு புடுல ஜாலான் பாசார் போங்க. ரெசிஸ்டர், விஜிஏ சாக்கெட், ஹெடர் பின், பெர்ஃப்போர்டு எல்லாம் அந்த வரிசைக் கடைங்கள்ல கிடைக்கும், பையனையும் கூட்டிட்டுப் போங்க, டிராயர் டிராயரா சாமான் அடுக்கி வச்சிருக்குறதை அவன் பாக்கணும். லோயாட் பிளாசாவுல இந்த மாதிரி உதிரி தேடாதீங்க, அங்க முழு கம்ப்யூட்டர் வியாபாரம்தான்.

ஏகான் லைட் நல்ல மெஷின்தான், பழைய ஹோம் கம்ப்யூட்டர்ல இருந்த இஸட்80 சிப்போட தம்பி இஇஸட்80 சிப்பு 18 மெகாஹெர்ட்ஸ் சொச்சம், 512 கிலோபைட் ராம், படத்துக்கு தனியா ஒரு இஎஸ்பி32 சிப்பு, பிபிசி பேசிக் ஓடும். பழைய வாசனை வேணும்னா அதுலதான் அதிகம். ஆனா வெளிநாட்லேர்ந்து வரவழைக்கணும், உங்க பட்ஜெட் இடிக்கும். பிக்கோகால்க் கையில பிடிக்கிற மெஷின், 320க்கு 320 ஸ்கிரீன், கீபோர்டு எல்லாம் சேர்ந்து 2025ல வந்தப்போ 75 டாலர், அதுலயும் எம்எம்பேசிக்தான் ஓடுது. ஆனா வீட்ல மானிட்டரும் கீபோர்டும் சும்மா கிடக்கும்போது அது எதுக்கு?

பாயான்_லெப்பாஸ்:

பினாங்குலேர்ந்து எழுதுறேன். புடு அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனா மேக்கர் பை பிக்கோ வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அதுல ஒரு சிக்கல் இருக்கு, ஒயர் கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்குங்க.

அந்த போர்டு இங்க பினாங்குல சிம்பாங் அம்பாட்ல இருக்குற சைட்ரான் டிசைன் பண்ணது, ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு எல்இடி வச்சு ரொம்ப அழகா செஞ்சிருப்பாங்க, நான் பிள்ளைங்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் குடுக்க அதைத்தான் எடுப்பேன். ஆனா பஸ்ஸர் ஜிபி18ல, ஹெட்ஃபோன் ஜாக் ஜிபி18, 19ல, பட்டன் மூணும் ஜிபி20லேர்ந்து 22 வரைக்கும், வைஃபை மாட்யூல் சொருகுற இஎஸ்பி சாக்கெட் ஜிபி16, 17ல. விஜிஏவுக்கு வேணும்னு சொன்ன அதே ஆறு பின்! பஸ்ஸர் சுவிட்சை ஆஃப்ல தள்ளிட்டு, இஎஸ்பி சாக்கெட்ல ஒன்னும் சொருகாம, பட்டனைத் தொடாம இருந்தா படம் வரும், ஆனா கலர் பின்னுல எல்இடியும் மத்த சாமானும் தொங்கிக்கிட்டு இருக்குறது எனக்குப் பிடிக்கல. என் யோசனை, அந்த போர்டை சென்சார் விளையாட்டுக்கு அப்படியே வச்சுக்குங்க, கம்ப்யூட்டருக்குன்னு வெறும் பிக்கோ தனியா ஒன்னு வாங்கிடுங்க, இருபது வெள்ளி அளவுலதான் வரும்.

அடுத்தது கீபோர்டு. பிஎஸ்2 கீபோர்டு 5 வோல்ட் சமாச்சாரம், பிக்கோ பின்னுங்க 3.3 வோல்ட்டுக்கு மேல தாங்காது. நேரா கட்டாதீங்க. பாதுகாப்புக்கு நடுவுல 5 வோல்ட்டை 3.3 ஆக்குற லெவல் ஷிஃப்டர் ஒன்னு போடுங்க, ரெண்டு சேனல் போதும், க்ளாக்குக்கு ஒன்னு டேட்டாவுக்கு ஒன்னு, ரெண்டு மூணு வெள்ளி விஷயம். யூஎஸ்பி கீபோர்டுக்குன்னு தனி ஃபர்ம்வேரும் இருக்கு, ஆனா அதுல யூஎஸ்பி சாக்கெட் கீபோர்டுக்கே போயிடும், கரண்டை வேற பின் வழியா குடுக்கணும், முதல் மெஷினுக்கு பிஎஸ்2வே நிம்மதி.

யாராச்சும் பிக்கோ 2 வாங்கச் சொல்லுவாங்க. 2024ல வந்தது, 5 டாலர், ராம் 520 கிலோபைட், நேரா ஹெச்டிஎம்ஐ குடுக்க முடியும், வேகமும் கூட. உங்ககிட்ட விஜிஏ மானிட்டர் இருக்குறதால இப்போதைக்கு பழைய பிக்கோவே போதும்னுதான் நானும் சொல்லுவேன். அப்படியும் பிக்கோ 2 எடுத்தீங்கன்னா பட்டன் வைக்கும்போது மட்டும் கவனம், ஆரம்பத்துல வந்த சிப்புங்கள்ல இன்புட் பின்னை புல்டவுன்ல (சும்மா இருக்கும்போது 0 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கிறது) வச்சா அது நடுவோல்ட்டேஜ்ல மாட்டிக்கிற கோளாறு இருந்துச்சு, அதுனால பட்டனோட ஒரு காலை கிரவுண்டுக்குக் கட்டிட்டு புல்லப் (3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கிறது) போட்டுக்குங்க, பிரச்னையே வராது.

சிப்புன்னு சொன்னதும் ஒன்னு ஞாபகம் வருது. இன்டெல் 1972லயே இங்க பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி திறந்துட்டாங்க, பினாங்குல எத்தனையோ தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் அந்த வட்டாரத்து ஃபேக்டரிகள்ல மைக்ரோஸ்கோப்புக்குள்ள கண்ணை வச்சு வேலை பாத்தவங்க. லோரோங் குலிட் பழைய சாமான் சந்தையில எப்பவாச்சும் பழைய போர்டு கண்ணுல பட்டா பையனுக்கு ஒன்னு வாங்கிக் குடுங்க, சிப்பு மேல மலேசியான்னு அச்சடிச்சிருக்கும், அவனே லென்ஸ் வச்சுத் தேடட்டும்.

கணினி_வாத்தியார்:

நான் இடைநிலைப்பள்ளியில பாடம் எடுக்குறேன், மாற்றுக் கருத்து ஒன்னு சொல்லணும். 2020கள்ல ஒரு பிள்ளைக்கு பேசிக் எதுக்கு? பள்ளியில மைக்ரோபிட்னு சின்ன போர்டு பாக்குறான், இடைநிலைப்பள்ளிக்கு வந்தா ஸ்கிராட்ச், பைத்தான்னு போகும். பிக்கோவுல மைக்ரோபைத்தான் அருமையா ஓடுது, அதே போர்டு, அதே எல்இடி, அதே சென்சார். பேசிக் படிச்சுட்டு வர்ற பிள்ளை கோட்டோ, கோட்டோன்னு (வேற வரிக்குத் தாவச் சொல்ற கட்டளை) எழுதிப் பழகிட்டா அப்புறம் அதை மாத்துறது கஷ்டம், நான் அனுபவத்துல பாத்திருக்கேன். அம்மாவோட ஆர்வம் ரொம்ப நல்ல விஷயம், அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்த நேரத்தை அடுத்த வருஷங்களுக்கும் உதவுற மொழியில போட்டா என்ன?

புடு_சால்டர்:

சார், நீங்க சொல்றதுல உள்ள அக்கறை புரியுது, பைத்தான் அவன் கண்டிப்பா படிக்கத்தான் போறான். ஆனா ரெண்டு இடத்துல நான் ஒத்துக்க மாட்டேன்.

முதல்ல கோட்டோ. நீங்க சொல்றது 80கள்ல இருந்த பேசிக். எம்எம்பேசிக்ல வரி நம்பரே தேவையில்ல, சப், ஃபங்ஷன், லோக்கல் வேரியபிள், டூ லூப், செலக்ட் கேஸ் எல்லாம் இருக்கு, 64 பிட் இன்டிஜர், டபுள் ப்ரிசிஷன் ஃப்ளோட் எல்லாம் இருக்கு. கோட்டோ போடாமலே பெரிய ப்ரோக்ராம் எழுதலாம், நான் அப்படித்தான் எழுதுறேன்.

ரெண்டாவதுதான் முக்கியம். மைக்ரோபிட்டுக்கும் சரி, பிக்கோவுல மைக்ரோபைத்தானுக்கும் சரி, பக்கத்துல இன்னொரு கம்ப்யூட்டர் வேணும். லேப்டாப்ல எழுதி, ஒயர் வழியா அனுப்பி, போர்டுல பாக்கணும். அந்தப் பையன் கேட்டது அது இல்ல சார். சுவிட்ச் போட்டா தானே முழுசா நிக்கிற ஒரு மெஷின் கேட்டான். 80கள்ல வந்த காமடோர் 64 எடுத்துக்குங்க, ஆன் பண்ணா 38,911 பைட் உனக்கு இருக்குன்னு சொல்லிட்டு கர்சர் கண் சிமிட்டும், அவ்ளோதான், அந்த இடம் முழுக்க பிள்ளையோடது. லேப்டாப்பைத் திறந்தா யூடியூப் ஒரு பக்கம் கூப்பிடுது கேம் ஒரு பக்கம் கூப்பிடுது, அதுக்கு நடுவுல பத்து வயசுல உக்காந்து ப்ரோக்ராம் எழுதுறது பெரியவங்களுக்கே கஷ்டம்.

பேசிக்கோட நோக்கமே அதுதானே. 1964ல டார்ட்மத் காலேஜ்ல கெமனியும் கர்ட்ஸும் அதை உருவாக்குனது கணக்கு, சயின்ஸ் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டர் கிட்ட உக்காந்து தானே ஏதாச்சும் செய்யணும்னுதான். டிஎஸ்18பி20 டெம்பரேச்சர் சென்சார் எடுத்துக்குங்க, எம்எம்பேசிக்ல டெம்ப்பர்னு ஒரே ஃபங்ஷன், பின் நம்பர் குடுத்தா டிகிரி வந்துடும். அல்ட்ராசோனிக் சென்சாருக்கு டிஸ்டன்ஸ்னு ஒரு ஃபங்ஷன், சென்டிமீட்டர்ல பதில் வரும். லைப்ரரி தேடி இறக்கி எந்த வெர்ஷன்னு பாக்குற வேலையே கிடையாது. பதினோரு வயசுல இதெல்லாம் செஞ்சு பாத்த பிள்ளை பதிமூணு வயசுல உங்க கிளாஸுக்கு வந்து லூப்னா என்னன்னு கேக்க மாட்டான்.

கணினி_வாத்தியார்:

தனியா நிக்கிற மெஷின்னு சொன்னது சரியான வாதம், அதை நான் ஏத்துக்குறேன். எங்க பள்ளி லேப்லயே பிள்ளைங்க கவனம் சிதறுறதுக்கு அதுதான் காரணம். மொழியைப் பத்தி என் கருத்து அப்படியேதான் இருக்கு, ஆனா அந்தப் பையனுக்கு இந்த மெஷினை செஞ்சு குடுங்க. செஞ்ச பிறகு படம் போடுங்க அம்மா.

எழுத்துரு_பிரியன்:

தமிழ் வருமான்னு கேட்டதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலையே. வரும். தானா வராது, நீங்களும் பையனும் உக்காந்து வர வைக்கணும், இந்த ப்ராஜெக்ட்லயே ரொம்ப சுவையான பகுதி அதுதான்னு நான் சொல்லுவேன்.

எம்எம்பேசிக் ஒரு எழுத்துன்னா ஒரு பைட்டுன்னுதான் நினைக்கும், எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற யூனிகோட் முறை தெரியாது. ஆனா டிஃபைன்ஃபான்ட்னு ஒரு கட்டளை இருக்கு, அதுல நம்ம இஷ்டத்துக்கு எழுத்து வடிவத்தை புள்ளி புள்ளியா வரைஞ்சு குடுக்கலாம். அதுல இருக்குற சாதா ஃபான்ட் 8க்கு 12 புள்ளி, அந்த அளவுல தமிழ் முயற்சி பண்ணாதீங்க, ண-வோட சுழியெல்லாம் 8 புள்ளி அகலத்துல அடங்காது, ன-வுக்கும் ண-வுக்கும் வித்தியாசமே தெரியாம போயிடும். பழைய ஸ்பெக்ட்ரம் மெஷின்ல சொந்தமா வரைய குடுத்தது 8க்கு 8 அளவுல 21 எழுத்துதான், அதுல தமிழுக்கு எங்க போறது. இங்க 16க்கு 16 எடுங்க. 640க்கு 480 ஸ்கிரீன்ல வரிக்கு 40 எழுத்து, 30 வரி கிடைக்கும், படிக்க நல்லாவே இருக்கும்.

எத்தனை வடிவம் வரையணும்? 247ம் வேணாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. அப்புறம் புள்ளி வச்சது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் இந்த அஞ்சுக்கும் 18 18ஆ 90. மிச்சம் கால், ஒத்தைக் கொம்பு, ரெட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு 4. கூட்டினா 125. கொம்பும் காலும் தனியா நிக்கிறதால கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாம் இதுலேர்ந்தே சேந்து வந்துடும். ஒரு வடிவத்துக்கு 32 பைட், 125க்கு 4,000 பைட், அந்த சிப்புக்கு இது ஒரு பாரமே இல்ல. 128லேர்ந்து 255 வரைக்கும் சரியா 128 இடம் காலியா இருக்கு, 125 அதுல உக்காந்துடும். ஜ, ஷ, ஸ, ஹ வேணும்னா தனியா இன்னொரு ஃபான்ட் வச்சுக்கலாம், இல்லன்னா புள்ளியை மட்டும் தனி வடிவமா வச்சு மேல வரைஞ்சா 17 இடம் மிச்சமாகும். டெக்ஸ்ட் கட்டளையில பின்னணிக் கலர் இல்லாம வரையச் சொல்ல முடியும், அதுனால கீழ இருக்குற எழுத்து அழியாது.

இந்த யோசனை புதுசு இல்ல. யூனிகோட் பரவுறதுக்கு முன்னாடி டிஸ்கி எழுத்துரு முறை இப்படித்தான் வேலை செஞ்சுது, முதல் 128ல ஆங்கிலம், மேல் 128ல தமிழ் வடிவங்கள். நம்ம முத்து நெடுமாறன் இதே கே.எல்.ல உக்காந்து 80கள்லேர்ந்து முரசுங்குற தமிழ் மென்பொருளுக்காக தமிழ் எழுத்துருவோட மல்லுக்கட்டுனவர்தான், 2001ல தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூர்லதான் நடந்துச்சு. பையன் கிட்ட இதைச் சொல்லுங்க, அவன் செய்யப் போறது நம்ம ஊர்க்காரங்க ஏற்கனவே நடந்த பாதை.

அகலம்தான் அடுத்த சிக்கல். டிஃபைன்ஃபான்ட்ல எல்லா எழுத்தும் ஒரே அகலம், கால் ஒல்லி, ஞ குண்டு, ணூ இன்னும் குண்டு. அப்படியே விட்டா ஒல்லி எழுத்துக்குப் பக்கத்துல ஓட்டை விழும். அதுக்கு ஒரு அர்ரேயில (எண்களை வரிசையா வைக்கிற பட்டியல்) ஒவ்வொரு வடிவத்தோட நிஜ அகலத்தையும் போட்டு வச்சுட்டு, ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சு எக்ஸ் நிலையை அந்த அளவு மட்டும் நகர்த்துற மாதிரி சின்ன சப் ஒன்னு எழுதிடுங்க. பத்து வரிக்குள்ள முடியும், தமிழ் சட்டுனு அழகாயிடும். 16லயும் அடங்காத எழுத்தை ரெண்டு துண்டா வரைஞ்சு பக்கத்துப் பக்கத்துல வச்சுக்குங்க.

எப்படி டைப் பண்றது? எடிட்டருக்குள்ள தமிழ் அடிக்க முடியாது. ஆனா லேப்டாப்ல சாதாரணமா தமிழ்ல டைப் பண்ணி யூடிஎஃப்8ஆ (யூனிகோடை பைட்டா எழுதுற முறை) எஸ்டி கார்டுல போட்டுட்டு பேசிக்ல படிக்கலாம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட், முதல் பைட் எப்பவும் 224, ரெண்டாவது 174 இல்ல 175, மூணாவது அந்தக் குறிக்கு உரியது. க-ன்னா 224, 174, 149. ஒத்தைக் கொம்புன்னா 224, 175, 134. அம்மாங்குற சொல்லுக்கு அ, ம, புள்ளி, ம, கால்னு அஞ்சு குறி, 15 பைட். இதுல ஒன்னு கவனிக்கணும், யூனிகோட்ல கொம்பு மெய்க்குப் பின்னாடி வரும், ஸ்கிரீன்ல முன்னாடி வரையணும், அதுனால ஒரு எழுத்தைப் படிச்ச உடனே வரைஞ்சிடாம அடுத்த குறி என்னன்னு எட்டிப் பாத்துட்டு வரையணும். ஸ்ட்ரிங் 255 பைட்டுக்கு மேல போகாது, அதாவது ஒரு வரிக்கு 85 குறி வரைக்கும்தான், பாட்டி பேருக்கு தாராளம்.

125ம் ஒரே மூச்சுல வரைய வேணாம். பாட்டி பேர்ல உள்ள எழுத்தை மட்டும் கட்டம் போட்ட கணக்கு நோட்டுல 16க்கு 16 வரைஞ்சு ஆரம்பிங்க, கறுப்புக் கட்டம் 1, வெள்ளைக் கட்டம் 0, அதை ஹெக்ஸா (16ஐ அடிப்படையா வச்ச எண்ணா) மாத்துறதுலயே பைனரி முழுக்க அவன் கைக்கு வந்துடும். மிச்ச எழுத்து தேவைப்படத் தேவைப்பட சேத்துக்கலாம்.

செந்தூல்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா சொல்லுவீங்கன்னு நினைக்கல. வெறும் பிக்கோ, லெவல் ஷிஃப்டர், ரெசிஸ்டர், சாக்கெட் எல்லாம் வாங்கியாச்சு, ஜாலான் பாசார்ல பையனை இழுத்துட்டு வர்றதே பெரிய பாடாப் போச்சு. வீட்டுக்காரர் பொறுமையா சால்டர் பண்ணாரு, படம் வந்துடுச்சு, கீபோர்டும் வேலை செய்யுது. பையன் இப்போ கணக்கு நோட்டுல ‘ல’ வரைஞ்சுக்கிட்டு இருக்கான், பாட்டி பேரு லெட்சுமி, கொம்பு முன்னாடி வரணும்னு சொன்னது நேரா அவன் தலையிலயே விழுந்துச்சு, அவனுக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

இன்னும் ரெண்டு கேள்வி. கரண்டை அணைச்சா எழுதின ப்ரோக்ராம் போயிடுமா? அப்புறம் சத்தம் வேணுமாம், பாட்டி பேரு வரும்போது டிங்னு அடிக்கணுமாம். ஜாக் எங்க வைக்கிறது?

பாயான்_லெப்பாஸ்:

ரொம்ப சந்தோஷம்க்கா. ட்சு-ல உள்ள ட்-டை அவனுக்கு நல்லா பழக்குங்க, நேர்கோடு மட்டும்தான், முதல்ல வரைய அதுதான் சுலபமான எழுத்து.

ப்ரோக்ராம் போகாது. எடிட்டர்லேர்ந்து எஃப்1 அடிச்சு வெளிய வந்தாலே ஃப்ளாஷ்ல எழுதிடும், கரண்ட் போனாலும் அப்படியே இருக்கும். ஆனா அது ஒரே ஒரு ப்ரோக்ராமுக்கான இடம், அடுத்தது எழுத ஆரம்பிச்சா முன்னாடி உள்ளது போயிடும், அதுனால முடிச்ச ஒவ்வொன்னையும் சேவ் போட்டு பேர் வச்சு வைக்கச் சொல்லுங்க. ஏ டிரைவ்னா பிக்கோவோட சொந்த ஃப்ளாஷ், பி டிரைவ்னா எஸ்டி கார்டு. தமிழ் டெக்ஸ்ட் ஃபைல் எப்படியும் லேப்டாப்லேர்ந்து வரணும், அதுனால எஸ்டி கார்டு சாக்கெட் ஒன்னு இப்பவே கட்டிடுறது நல்லது, எந்தப் பின்னுல கட்டுனீங்கன்னு ஆப்ஷன் எஸ்டிகார்டு கட்டளையில ஒரு தடவை சொல்லிட்டா போதும், அது ஞாபகம் வச்சுக்கும். ஆன் பண்ண உடனே அவன் ப்ரோக்ராமே ஓடணும்னா ஆப்ஷன் ஆட்டோரன் ஆன், நிறுத்தணும்னா கண்ட்ரோல் சி.

சத்தத்துக்கு ஜிபி6, ஜிபி7 எடுங்க. ரெண்டும் ஒரே பிடபிள்யூஎம் (வேகமா ஆன் ஆஃப் பண்ணி சத்தம் உண்டாக்குறது) ஜோடி, அப்படி ஜோடியா உள்ளதுதான் வேணும். ஒவ்வொன்னுக்கும் ஒரு ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு ஒரு கப்பாசிட்டர், அங்கேர்ந்து இன்னொரு கப்பாசிட்டர் வழியா ஜாக்குக்கு. சர்க்யூட் மேனுவல்லயே படமா இருக்கு. ஸ்பீக்கரை நேரா பின்னுல கட்டாதீங்க, ஆம்ப்ளிஃபையர் உள்ள கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் சொருகுங்க. அப்புறம் ப்ளே டோன்னு அடிச்சு இடது காதுக்கு ஒரு ஃப்ரீக்வென்சி, வலது காதுக்கு ஒரு ஃப்ரீக்வென்சி, எவ்ளோ நேரம்னு மில்லிசெகண்ட்ல குடுத்தா போதும். டிங்குக்கு 880, 880, 200 போட்டுப் பாக்கச் சொல்லுங்க.